நஷ்டம் கண்டு கலங்காத ஜாம்ஷெட்ஜி டாட்டா

நம்முடைய ஊர்களில் ஒரு கடை மூடப்பட்டால், அதன் சொந்தக்காரருடைய வீட்டுப் படியை மிதிப்போரின் தொகை மறுநாளே குறைந்துவிடுகின்றது. நேற்றுவரை கல்யாணப் பந்தியில் அவரை முன்வரிசையில் அமர்த்தி உபசரித்தவர்கள், இன்று அவர் எதிரே வருகையில் வேறு தெருவிற் புகுகின்றனர். பெண் எடுக்கவும் கொடுக்கவும் பேசியிருந்தவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்கின்றனர். அவருடைய மகன் புதிதாக ஒரு தொழில் தொடங்கக் கருதி உறவினரிடம் கைம்மாற்றுக் கேட்டால், தகப்பனார் முதலைத் தொலைத்த கதையே அவனுக்கு விடையாகக் கிடைக்கின்றது. வியாபாரத்தில் நஷ்டமடைவது ஒரு குற்றமென்றும், நஷ்டமடைந்தவர் குடும்பம் முழுவதும் அக்குற்றத்திற்கு உடந்தையென்றும் நம்மிற் பலர் எண்ணியிருப்பதாகத் தோன்றுகின்றது.

இவ்வெண்ணம் எத்துணைத் தீங்கு விளைப்பது என்பதை ஆராய்வதற்கு ஒருவருடைய சரித்திரம் நமக்குப் பெரிதும் உதவும். இந்திய நாட்டின் கைத்தொழில் வளர்ச்சிக்கு அடிகோலியவர்களுள் தலைசிறந்தவர் ஜாம்ஷெட்ஜி நுஸர்வான்ஜி டாட்டா. அவர் பெற்ற இலாபங்களை ஊரும் உலகும் அறியும். அவர் பட்ட நஷ்டங்களை அறிந்தோர் சிலரே. இருபத்தாறாம் வயதில் அவர் கடன்காரர் முன் தலைகுனிந்து நின்றார். நாற்பத்தேழாம் வயதில் ஒரு பழைய ஆலையை வாங்கி இடர்ப்பட்டார். ஐம்பத்தைந்து வயதை எய்திய காலத்தில் கப்பல் விட்டுக் கைப்பொருள் இழந்தார். இரும்புத் தொழில் நிறுவவேண்டும் என்னும் பெருவிருப்பம் நிறைவேறுமுன் உயிர் துறந்தார். இந்நான்கையும் முறையே சொல்லி, அவற்றினின்றும் நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தாரும் கொள்ளத்தக்கவற்றைச் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

இளமை

கூர்ச்சர தேசத்து நவசாரி என்னும் ஊரில், 1839ஆம் வருஷம் மார்ச் மாதம் 3ஆம் தேதி, பார்ஸி வகுப்பைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் ஜாம்ஷெட்ஜி பிறந்தார். அக்குடும்பத்தார் பரம்பரையாகப் புரோகிதத் தொழில் நடத்தியவர்கள். குலத்தொழிலை விட்டு வியாபாரத்தில் முதன்முதற் புகுந்தவர் தந்தையார் நுஸர்வான்ஜி. அவர் பம்பாய்க்குச் சென்று சிறிய அளவில் தொழில் தொடங்கி, நாளடைவில் நன்னிலை அடைந்தார். மகனையும் அங்கே அழைத்துக்கொண்டு எல்பின்ஸ்டன் கலாசாலையிற் படிக்கவைத்தார். ஜாம்ஷெட்ஜி 1858ஆம் வருஷம் படிப்பை முடித்துக்கொண்டு தந்தையாரின் தொழிலிற் சேர்ந்தார்.

அடுத்த வருஷமே அவர் ஹாங்காங்குக்கு அனுப்பப்பெற்றார். அக்காலத்துப் பம்பாய் வியாபாரிகள் பலரைப் போலவே டாட்டா குடும்பத்தாரும் பஞ்சையும் அபினியையும் சீன தேசத்துக்கு ஏற்றுமதி செய்து, அங்கிருந்து தேயிலை, பட்டு முதலிய சரக்குகளை வரவழைத்தனர். அபினி வியாபாரம் அந்நாட்களில் சட்டத்திற்கு உட்பட்டதாயினும் நாம் போற்றத்தக்கதன்று. எனினும் ஒருவர் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் அதனை மறைத்தல் முறையாகாது என்று கருதி ஈண்டுக் குறிப்பிட்டோம். சீனத்தில் நான்கு வருஷம் தங்கி, கடல் கடந்த வியாபாரத்தின் போக்குகளை அறிந்துகொண்டு 1863ஆம் வருஷம் ஜாம்ஷெட்ஜி பம்பாய் திரும்பினார்.

லண்டனில் நேர்ந்த நஷ்டம்

அவர் திரும்பிய காலத்தில் பம்பாய் நகரம் பொன்மழையில் நனைந்துகொண்டிருந்தது. 1861ஆம் வருஷம் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டதால், அந்நாட்டுப் பஞ்சு இங்கிலாந்துக்கு வருவது தடைப்பட்டது. லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பஞ்சை நாடின. பஞ்சின் விலை பன்மடங்கு ஏறிற்று. தலையணைப் பஞ்சையும் பிரித்து விற்றார்கள் என்று அந்நாளைய நிலைமையைப் பற்றிக் கூறுவதுண்டு. வந்த பணத்தை என்செய்வதென்று அறியாத மக்கள், கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகளிலும், புதுப்புதுப் பாங்கிகளிலும் பங்கு வாங்கினர். அப்பங்குகளை ஈடு வைத்துக் கடன் பெற்று மேலும் பங்கு வாங்கினர். காகிதத்தின்மேற் காகிதமாக ஒரு மாளிகை எழுந்தது.

இச்சமயத்தில் லண்டனில் இந்தியப் பாங்கி ஒன்று நிறுவும் எண்ணத்துடன் ஜாம்ஷெட்ஜி 1864ஆம் வருஷக் கடைசியில் சீமைக்குப் பிரயாணமானார். கையிற் பஞ்சு வியாபாரத்திற்குரிய உண்டியல்களையும் பத்திரங்களையும் கொண்டு சென்றார். 1865ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அமெரிக்கப் போர் முடிவுற்றது. பஞ்சின் விலை சரிந்தது. ஜூலை மாதம் முதல் தேதியன்று பம்பாயில் கொடுக்கல் வாங்கல்களைத் தீர்க்கவேண்டிய தவணை வந்தபோது, நேற்றைய கோடீசுவரர்கள் பலர் திவாலாயினர். ஜாம்ஷெட்ஜியின் கையிலிருந்த உண்டியல்கள் வெறுங் காகிதங்களாயின. நிறுவ வந்த பாங்கியோ கருவிலேயே அழிந்தது. இருபத்தாறு வயது இளைஞர், அயல்நாட்டில், தாம் தீர்க்கமுடியாத கடன்களுக்குப் பொறுப்பாளியாக நின்றார்.

அப்போது அவர் செய்த காரியம் நாம் ஊன்றி நோக்கத்தக்கது. அவர் ஒளிந்து ஓடவில்லை. பழியைப் பிறர்மேற் போடவுமில்லை. கடன் கொடுத்தவர்களிடமும் பாங்கிக்காரர்களிடமும் தாமே சென்று, இருந்தது இருந்தபடி கணக்குகளை விரித்துக் காட்டினார். கொடுக்கவேண்டியது எவ்வளவு, வரவேண்டியது எவ்வளவு, எதனை விற்றால் எவ்வளவு தேறும் என்பனவற்றை மறைக்காமல் எடுத்துரைத்தார். அவருடைய நேர்மையைக் கண்ட கடன்காரர்கள் ஒரு முடிவுக்கு வந்தனர். சரக்குகளை விற்று முடித்துக் கணக்கைத் தீர்க்கும் பொறுப்பை அவர் கையிலேயே ஒப்புவித்து, அவ்வேலைக்கு மாதச் சம்பளமும் ஏற்படுத்தினர். நஷ்டப்பட்டவனையே அந்நஷ்டத்தைச் சீர்ப்படுத்தும் வேலையில் அமர்த்தியது அவர்களுடைய தாராளம் மட்டுமன்று. நல்ல வியாபார ஞானமும் ஆகும். விழுந்த இடம் எதுவென்று விழுந்தவனைக் காட்டிலும் நன்கு அறிந்தவர் யார்?

இந்த அனுபவத்தால் ஜாம்ஷெட்ஜி கற்றுக்கொண்டது யாது? தம் கையில் இல்லாத விலையை நம்பித் தொழில் நடத்துதல் மணலின்மேற் கட்டிய வீடு போன்றது என்பதே. பஞ்சை வாங்கி விற்பவன் பிற நாட்டுப் போருக்கும் சமாதானத்துக்கும் அடிமை. பஞ்சை நூலாக்கி, நூலைத் துணியாக்குபவனுக்கோ தன் திறமையே ஓரளவு காப்பாகும். அவருடைய பிற்கால முயற்சிகளை நோக்குமிடத்து, வாங்கி விற்பதினின்றும் ஆக்கி விற்பதன் பக்கம் அவர் மனம் சாய்ந்ததைக் காண்கின்றோம்.

நாகபுரி ஆலை

1868ஆம் வருஷம் 21,000 ரூபாய் முதலுடன் அவர் தனியே ஒரு வியாபாரம் தொடங்கினார். அவ்வருஷம் நடந்த அபிசீனியா படையெடுப்புக்கு உணவுப்பொருள் முதலியன சேகரித்துக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் தந்தையாருக்கும் அவரைச் சேர்ந்தோருக்கும் நல்ல ஊதியம் கிடைத்தது, குடும்பம் தலையெடுத்தது. மறுவருஷம் ஜாம்ஷெட்ஜி, சிஞ்சுபோக்லியில் திவாலாகிக் கிடந்த ஓர் எண்ணெய் ஆலையை வாங்கி, நூல் ஆலையாக மாற்றி, அலெக்ஸாண்ட்ரா மில் எனப் பெயரிட்டார். இரண்டு வருஷத்தில் அதனை இலாபத்துக்கு விற்றுவிட்டு, மீண்டும் சீமைக்குச் சென்று லங்காஷயர் ஆலைகளின் நடைமுறையை நேரிற் பார்த்துக் கற்றார். கையிற் பணம் வந்தவுடன் மாளிகை கட்டுவோரை நாம் கண்டிருக்கின்றோம். அவர் அப்பணத்தைக் கொண்டு அறிவைத் தேடினார்.

அக்காலத்தில் ஆலை வைப்போர் யாவரும் பம்பாயிலேயே வைத்தனர். ஜாம்ஷெட்ஜி மட்டும் பஞ்சு விளையும் இடத்துக்கு அருகிலும், நிலக்கரி கிடைக்கும் இடத்துக்கு அருகிலும், துணி விற்கும் சந்தைக்கு அருகிலும் ஆலை இருக்கவேண்டும் என்று கருதி, நாகபுரியைத் தேர்ந்தெடுத்தார். 1874ஆம் வருஷம் 15 இலக்ஷம் ரூபாய் மூலதனத்துடன் ஒரு கம்பெனி ஏற்பட்டது. கிடைத்த நிலம் சதுப்பு நிலம். அதனை மேடாக்குவதற்கே மிகுந்த மண் கொட்டவேண்டியிருந்தது. அவ்வூரில் லேவாதேவி செய்துவந்த மார்வாரி தனவந்தர் ஒருவர், பூமிக்குள் பொன்னைப் புதைக்கும் இவ்வேலைக்குத் தாம் பணம் தரமுடியாது என்று மறுத்தாராம். 1877ஆம் வருஷம் ஜனவரி மாதம் முதல் தேதி, விக்டோரியா மகாராணியார் இந்தியச் சக்கரவர்த்தினி எனப் பிரகடனம் செய்யப்பட்ட அன்றே ஆலை திறக்கப்பட்டு, எம்ப்ரஸ் மில் என்னும் பெயர் பெற்றது.

ஆயின் தொடக்கம் நன்றாயில்லை. செலவைச் சுருக்க எண்ணி முதலில் மலிவான இயந்திரங்களை வாங்கியிருந்தனர். அவற்றிலிருந்து வந்த நூல் தாழ்ந்த தரமாயிருந்தது. கம்பெனியின் பங்கு விலை வெகுவாக இறங்கிற்று. பங்குக்காரர்கள் முணுமுணுத்தனர். ஜாம்ஷெட்ஜி சாக்குப்போக்குச் சொல்லாமல், மலிவாக வாங்கியது தவறு என்று கண்டு, நல்ல இயந்திரங்களைத் தருவித்துப் பழையவற்றை மாற்றினார். நஷ்டம் தோன்றும் சமயத்திலேயே மேலும் பணம் போடுவதற்குத் துணிவு வேண்டும். காரணத்தைச் சரியாக அறிந்த பின்னரே அத்துணிவு பயன் தரும். அறியாமற் போடும் பணம் சூதாட்டத்தில் இழந்ததை மீட்க மேலும் வைக்கும் பந்தயம் போன்றதாகும்.

ஆலையை நடத்தும் பொறுப்பை, ரயில்வேயில் வேலை பார்த்துவந்த பேஸன்ஜி தாதாபாய் மேத்தா என்பவரிடம் ஒப்புவித்தார். நூற்புத் தொழிலில் அவருக்கு முன்பழக்கம் இல்லை. ஆனால் ஆட்களை நடத்தும் திறமை இருந்தது. இயந்திர சம்பந்தமான காரியங்களுக்கு புரூக்ஸ்பி என்னும் ஆங்கிலேயர் வாய்த்தார். அமெரிக்காவிற் கண்டுபிடிக்கப்பட்ட வளையக் கதிர்களைப் பற்றிச் சீமை ஆலைக்காரரே ஐயுற்றிருந்த காலத்தில், நாகபுரியில் முதலிற் சிறிதளவாகச் சோதித்துப் பார்த்து, பலனைக் கணக்கிட்டு, பின்னர்ப் பேரளவிற் கைக்கொண்டனர். தொழிலாளர் பலர் நாள்தோறும் வேலைக்கு வராமலிருந்த குறையையும் தண்டனையால் தீர்க்க முற்படவில்லை. 1886ஆம் வருஷம் உபகாரச் சம்பள நிதியும், 1895ஆம் வருஷம் விபத்து நேர்ந்தோர்க்கு ஈட்டுத்தொகையும் ஏற்பட்டன. சட்டங்கள் கட்டாயப்படுத்துவதற்கு வெகு காலத்துக்கு முன்னரே இவை நடந்தன. ஆலை பெரிதும் செழித்தது. பணம் தர மறுத்த தனவந்தர் பிற்காலத்தில், மண்ணைப் போட்டுப் பொன்னை எடுத்தவர் இவர் என்று ஒப்புக்கொண்டார் என்பர். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிய அவ்வாலை இன்று இல்லை. அதனிடத்துப் பிறந்த வழக்கங்களோ நாடெங்கும் பரவி நிற்கின்றன.

மீண்டும் ஒரு தவறு

ஒருமுறை கற்ற பாடத்தை அறிவுடையோர் மறப்பதில்லை என்று சொல்லுவது எளிது. ஜாம்ஷெட்ஜியே மறந்தார். 1886ஆம் வருஷம் குர்லாவில் தரம்ஸி மில் என்னும் பெரிய ஆலை விலைக்கு வந்தது. கட்டுவதற்கு அதனைப் பன்மடங்கு விஞ்சிய பொருள் செலவாகியிருக்க, பன்னிரண்டரை இலக்ஷம் ரூபாய்க்கே அவர் அதனை வாங்கினார். சுதேசி மில் என்று பெயரிட்டார். அகப்பட்ட விலை மலிவைக் கண்டு பலர் அவர் அதிர்ஷ்டத்தை மெச்சினர்.

உள்ளே புகுந்து பார்த்தபோதுதான் உண்மை புலப்பட்டது. இயந்திரங்கள் பழுதடைந்திருந்தன. வெளிவந்த நூலைப்பற்றிச் சீனத்து வியாபாரிகள் குறை கூறினர். இலாபப் பங்கு கொடுக்க இயலவில்லை. பங்கின் விலை வீழ்ந்தது. டாட்டாவின் பெயருக்கே இழுக்கு வந்தது என்று ஊரார் பேசத் தலைப்பட்டனர். மலிவு என்பது விலையில் மட்டும் உள்ளது. செலவில் இல்லை என்று நாகபுரியில் அறிந்ததையே குர்லாவில் இரண்டாம் முறை, முன்னினும் அதிகப் பணம் செலுத்திக் கற்கவேண்டியதாயிற்று.

இங்கும் அவர் தம் பெயரைத் தாமே காத்துக்கொண்டார். நாகபுரி ஆலையில் தமக்கிருந்த பங்குகளிற் சிலவற்றை விற்றுப் பணம் திரட்டினார். அங்கே தேர்ந்த ஆட்களைக் குர்லாவுக்கு வரவழைத்தார். இயந்திரங்களை ஒவ்வொன்றாகப் பழுது பார்த்தும் மாற்றியும் புதுக்கினார். சில வருஷங்களில் சுதேசி மில் நூலுக்குக் கீழைத்தேசச் சந்தைகளில் நன்மதிப்பு உண்டாயிற்று. பிறருடைய பணத்தைப் பற்றிய பொறுப்பு நேர்ந்தவிடத்துத் தம்முடைய பணத்தை முன்னே வைத்தார் என்பதே இதன்கண் நாம் காணும் சிறப்பு. தவறு செய்யாதவர் என்று அவரைப் புகழ்வதைக் காட்டிலும், ஒரே தவற்றை இருமுறை செய்தும் இருமுறையும் முழு விலையைக் கொடுத்துத் தீர்த்தவர் என்று புகழ்வதே பொருந்தும்.

கப்பற் போட்டி

சுதேசி மில் நூல் சீனத்துக்கும் ஜப்பானுக்கும் போகத் தொடங்கியபின், வேறொரு முட்டுக்கட்டை தோன்றிற்று. அக்கடல் வழியில் பி. அண்டு ஓ. முதலிய ஐரோப்பியக் கம்பெனிகள் தமக்குள் கூடிக்கொண்டு கப்பற் கூலியை உயர்த்தி வைத்திருந்தன. பெரிய நிறுவனங்கள் சிலவற்றுக்கு மறைவாகக் கழிவு கொடுத்தன. சாதாரண வியாபாரியோ டன்னுக்கு 19 ரூபாய் கொடுக்கவேண்டியிருந்தது. ஜாம்ஷெட்ஜி 1893ஆம் வருஷம் ஜப்பானுக்குச் சென்று, நிப்பான் யூசென் கைஷா என்னும் அந்நாட்டுக் கப்பற் கம்பெனியாருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். தாமும் சம அளவிற் பொறுப்பேற்று, ஆனி பாரோ, லிண்டிஸ்பார்ன் என்னும் கப்பல்களை வாடகைக்கு அமர்த்தி, டாட்டா லைன் என்னும் பெயருடன் விட்டார். டன்னுக்கு 12 ரூபாய் கூலி விதித்தார்.

எதிரிகள் செய்தது யாது? 19 ரூபாய் வாங்கியவர்கள் ஒன்றரை ரூபாய்க்கு ஏற்றிக்கொள்வதாக முன்வந்தனர். ஜப்பானுக்குப் போகும் பஞ்சுக்குக் கூலியே வேண்டாம் என்றும் கூறினர். இத்தகைய கூலி எவர்க்கும் கட்டாது என்பதும், டாட்டாவின் கப்பல் மறைந்த மறுகணமே பழைய கூலி திரும்பும் என்பதும் பம்பாய் வியாபாரிகள் அறியாதவையல்ல. ஜாம்ஷெட்ஜி தம் பக்கத்து நியாயங்களை அச்சிட்டு வெளியிட்டார், சர்க்காரிடமும் முறையிட்டார். இருந்தும், ஆதரவு தருவதாகச் சொல்லியிருந்த வியாபாரிகள் ஒருவர் பின் ஒருவராக ஒன்றரை ரூபாய்க் கப்பலை நாடினர். டாட்டா லைன் பெருநஷ்டத்துடன் மூடப்பட்டது. கூலி மறுபடியும் உயர்ந்தது. விலகிப் போனவர்களும் அவ்வுயர்ந்த கூலியையே கொடுத்தனர்.

முன்னர்க் கூறிய நஷ்டங்களுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. லண்டனில் சந்தை சாய்ந்தது. நாகபுரியிலும் குர்லாவிலும் மலிவில் அவர் மயங்கினார். கப்பல் விட்டதிலோ அவருடைய கணக்கிற் பெரும்பிழை இருந்ததாக நாம் கருதவில்லை. தம்மவர் சில மாதம் பொறுப்பர் என்று நம்பியது ஒன்றே பிழை. ஆகவே இந்நஷ்டத்தினின்றும் பாடம் கற்கவேண்டியவர் நஷ்டமடைந்தவர் மட்டுமல்லர். அவரைக் கைவிட்ட கூட்டத்தாரும் ஆவர். நம்மவர் ஒருவர் தொடங்கிய கடையை விட்டு, கால் ரூபாய் குறைவென்று அயற்கடைக்குச் சென்று, நம்மவர் கடை மூடப்பட்ட பின்னர் அங்கே அரை ரூபாய் அதிகம் கொடுத்து வாங்கும் வழக்கம் நம்மிடம் உண்டா இல்லையா என்று இதனைப் படிக்கும் ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுப் பார்ப்பாராக.

முடியாது நின்ற முயற்சி

இனி, அவருடைய இரும்புத் தொழில் முயற்சியைச் சொல்லுவோம். 1882ஆம் வருஷத்தில், மத்திய மாகாணத்துச் சாந்தா ஜில்லாவில் இரும்புத் தாது மிகுந்திருப்பதைப் பற்றி ஒரு ஜெர்மானிய நிபுணர் எழுதிய அறிக்கை அவர் பார்வைக்கு வந்தது. உடனே உற்சாகங்கொண்டு ஆராயத் தொடங்கினார். அருகிலுள்ள வரோராவில் எடுக்கப்பட்ட நிலக்கரியைச் சோதித்ததில், அஃது இரும்பு உருக்குவதற்கு ஏற்றதன்று என்று தெரியவந்தது. சுரங்கம் வெட்டுவது பற்றிச் சர்க்கார் விதித்திருந்த நிபந்தனைகளும் கடுமையாயிருந்தன. அவர் அம்முயற்சியை நிறுத்தினார். ஆனால் அக்காகிதங்களை எறிந்துவிடவில்லை. பதினேழு வருஷம் கழித்து, 1899ஆம் வருஷத்தில், கர்ஸன் பிரபு காலத்தில் அவ்விதிகள் தளர்த்தப்பட்டபோது, அறுபது வயது நிரம்பிய அவர் பழைய கட்டை அவிழ்த்தார்.

1900ஆம் வருஷம் லண்டனில் இந்தியா மந்திரியைக் கண்டு பேசினார். 1902ஆம் வருஷம் உடல்நலம் குன்றியிருந்த நிலையிலும் அமெரிக்காவுக்குச் சென்று, கிளீவ்லண்டு, பிட்ஸ்பர்க் முதலிய ஊர்களில் உருக்குத் தொழிலை நேரிற் கண்டார். சார்லஸ் பேஜ் பெரின் என்னும் நிபுணரை இவ்வேலைக்கு இசைவித்தார். தொழிற்சாலைக்கு இடமே கிடைக்காத அந்நாளில், தொழிலாளர் குடியிருக்கப்போகும் நகரத்தின் வீதிகள் அகலமாயிருக்கவேண்டும், விரைவில் வளரும் நிழல் மரங்கள் வைக்கப்படவேண்டும், விளையாடவும் வழிபடவும் இடங்கள் விடவேண்டும் என்று மகனார் தோராப்ஜிக்குக் கடிதம் எழுதினார்.

நாடித் தேடியும் சாந்தா ஜில்லா பயன்படவில்லை. வேறோரிடத்தில் தாது மிகுந்திருந்தது. ஏற்ற கரி அருகில் இல்லை. இந்நிலையில் ஜாம்ஷெட்ஜி ஜெர்மனி தேசத்து நாஹைம் என்னும் ஊரில் 1904ஆம் வருஷம் மே மாதம் 19ஆம் தேதி காலமானார். இங்கிலாந்தில் புரூக்வுட் என்னுமிடத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அன்றைய ஐந்தொகையை மட்டும் நோக்குவோர்க்கு இரும்பு முயற்சி முழுநஷ்டமே. ஒரு துண்டு இரும்பேனும் உருக்கப்படவில்லை. பெங்களூரில் பின்னர் எழுந்த விஞ்ஞான ஸ்தாபனத்திற்கென அவர் தம் சொத்தில் 30 இலக்ஷம் ரூபாய் பெறுமானமுள்ளதை 1898ஆம் வருஷத்திலேயே அளிக்க முன்வந்திருந்தார். அதுவும் அன்றளவும் காகிதத்திலேயே இருந்தது.

ஆனால் அவர் எழுதி வைத்த கணக்கு அவரோடு மறையவில்லை. நிலநூல் நிபுணர் பிரமதநாத போஸ், மயூர்பஞ்ச் சமஸ்தானத்தில் உயர்ந்த தாது இருப்பதைப் பற்றி 1904ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்திலேயே எழுதியிருந்தார். தோராப்ஜி அவ்வழியே சென்று தேடி வெற்றி கண்டார். லண்டன் பணச்சந்தையில் மூலதனம் கிட்டவில்லை. 1907ஆம் வருஷம் பம்பாயிலேயே பங்கு விற்க முன்வந்தபோது, மூன்று வாரத்திற்குள் சுமார் 8,000 பேர் வேண்டிய முதலைத் தந்தனர். கப்பலைக் கைவிட்ட அதே நகரத்தார், பதினைந்து வருஷத்திற்குள் இரும்புக்குக் கைகொடுத்தனர். சுதேசி இயக்கம் நாட்டில் ஊட்டிய உணர்ச்சி அதற்குத் துணையாயிற்று. ஊராரும் பாடம் கற்பார்கள் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? சாக்சி என்னும் சிற்றூரில் எழுந்த தொழிற்சாலையில் 1911ஆம் வருஷம் டிசம்பரில் இரும்பும், 1912ஆம் வருஷம் பிப்ரவரி 16ஆம் தேதி உருக்கும் வார்க்கப்பட்டன. பெங்களூர் ஸ்தாபனத்தில் 1911ஆம் வருஷம் மாணாக்கர் சேர்ந்தனர். சாக்சி 1919ஆம் வருஷம் ஜாம்ஷெட்பூர் ஆயிற்று.

1924ஆம் வருஷம் அவ்வுருக்குக் கம்பெனிக்கே பேரிடர் வந்தது. தொழிலாளருக்குச் சம்பளம் கொடுக்கவும் பணமில்லை. அப்போது தோராப்ஜி தம் சொந்தச் சொத்தையும், மனைவியார் மெஹர்பாயின் விலையுயர்ந்த வைரத்தையும் பாங்கியில் ஈடுவைத்துக் கம்பெனியைக் காத்தார். குர்லா ஆலை தடுமாறிய நாளில் தந்தை தம் பங்குகளை விற்றதை அவர் மறந்திருக்கமாட்டார். நஷ்டகாலத்தில் தந்தை நடந்துகொண்ட விதமே மக்களுக்கு எழுதாத உயிலாகின்றது.

நாம் செய்யத்தக்கன

இச்சரித்திரத்தை நாம் எழுதியது ஒரு பெருஞ்செல்வரைப் புகழ்வதற்காக அன்று. நஷ்டம் எவரையும் தானே அறிவாளி ஆக்குவதில்லை. 1865ஆம் வருஷத்தில் பம்பாயில் கெட்டவர் பலர். அவர்களுள் மீண்டும் தலைநிமிர்ந்தோர் சிலரே. கணக்கைத் திறந்து பார்ப்பவனுக்கே நஷ்டம் ஆசிரியனாகும்; மூடி வைப்பவனுக்கு அது கூற்றுவனாகும். ஆதலின் நம் இளைஞர்கள் தொழில் தொடங்கும் நாளிலேயே பேரேட்டை ஒழுங்காக எழுதப் பழகுவார்களாக. நஷ்டம் தோன்றிய மாதத்திலேயே அதனை வீட்டுப் பெரியவர்க்கும், பணம் கொடுத்தவர்க்கும் சொல்லுவார்களாக. மனைவியின் நகையை அவள் அறியாமல் ஈடுவைத்து, நஷ்டத்தை நஷ்டத்தால் மறைக்கும் தீவழியிற் புகாதிருப்பார்களாக.

நம் பெரியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. நம்மவர் ஒருவர் கடையை மூடிவிட்டார் என்று கேள்வியுற்றால், அவர் கணக்கைத் திறந்து காட்டினாரா என்று மட்டும் முதலில் விசாரியுங்கள். காட்டினார் எனில், அவர் வீட்டுப் படியை மிதியுங்கள். அவர் மகனுக்குப் பெண் கொடுக்க அஞ்சாதீர்கள். தம்மிடம் கடன்பட்ட அயல்நாட்டு இளைஞரை, மொழியும் மதமும் வேறான லண்டன் வியாபாரிகள் நம்பி வேலையில் அமர்த்தினார்கள். அந்த நம்பிக்கையில் ஒரு பங்கேனும் நம் சொந்த இரத்தத்தில் உதித்த பிள்ளைகளிடம் நாம் வைக்கலாகாதா? அன்று அவர்கள் அவரைச் சிறையில் வைத்திருப்பின், நாகபுரி ஆலை ஏது? ஜாம்ஷெட்பூர் ஏது?

சென்ற வருஷம் மூடப்பட்ட நம் தெருக் கடையின் கதவுக்குப் பின்னால் எத்தகைய ஆற்றல் அடைபட்டுக் கிடக்கின்றதோ யாரறிவார்? அக்கதவை நாமே முதலிற் சென்று தட்டுவோமாக.